குடிக்காதவனுக்குக் கட்டிய கயிறு

எனக்கு வந்தது சாயங்கால நோய். காலையில் என்னைப் பார்ப்பவர்களுக்கு ஒரு குறையும் தெரியாது. மத்தியானம் தாண்டினால் கண் இமை இறங்கும், நாக்கு குழறும், கழுத்து நிற்காது. டாக்டர்கள் நோயாளிகளைக் காலையில்தான் பார்க்கிறார்கள். சொந்தக்காரர்களும் ஊர்க்காரர்களும் சாயங்காலத்தில் பார்க்கிறார்கள். அதனால் ஏழு மாதம் நான் டாக்டர்களுக்கு நோயில்லாதவனாகவும் ஊருக்குக் குடிகாரனாகவும் இருந்தேன்.

முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். நான் குடித்தவன்தான். என் பெண் ஆறாவது படிக்கும்போது ஒரு நாள் நிறுத்தினேன். எந்தக் கோயிலுக்கும் போகவில்லை, எந்த ஊசியும் போட்டுக்கொள்ளவில்லை. அவள் இப்போது திருச்சியில் கல்லூரி விடுதியில் இருக்கிறாள். இத்தனை வருடத்தில் ஒரு சொட்டு தொட்டதில்லை. என் வாழ்க்கையில் நான் பெருமைப்பட்டுக்கொள்ள இருந்தது அது ஒன்றுதான். நோய் கைவைத்ததும் அதில்தான்.

செந்துறைப் பக்கம் ஒரு தனியார் பள்ளிக்கூடத்தில் நான் வேன் ஓட்டிக்கொண்டிருந்தேன். காலையில் ஒரு நடை, சாயங்காலம் ஒரு நடை. பள்ளிக்கூடம் திறந்த மாதம், சாயங்கால நடையில் எதிரே வந்த சுண்ணாம்புக்கல் லாரி இரண்டாகத் தெரிந்தது. ஒன்று ரோட்டில் வந்தது, இன்னொன்று வயலில் வந்தது. ஒரு கண்ணை மூடினால் ஒரு லாரிதான். அப்படியே ஒற்றைக் கண்ணால் ஓட்டி வீடு சேர்ந்தேன். மறுநாளும் அப்படித்தான் ஓட்டினேன். இருபத்திரண்டு பிள்ளைகளை வைத்துக்கொண்டு ஒரு வாரம் நான் அப்படி ஓட்டியது தப்பு. அதற்காக என்னைத் திட்டியிருந்தால் வாங்கிக்கொண்டிருப்பேன். யாரும் அதற்குத் திட்டவில்லை.

அரியலூரில் கண் டாக்டரிடம் போனேன். காலை பத்து மணிக்குப் பார்த்தார், எல்லா எழுத்தையும் கடகடவென்று படித்தேன். படிப்பதற்கு ஒரு கண்ணாடி எழுதிக்கொடுத்து அனுப்பினார். அன்று சாயங்காலமும் இரண்டு லாரி வந்தது.

அப்புறம் ஒவ்வொன்றாக வந்தது. இட்லியை மென்று முடிப்பதற்குள் தாடை ஓய்ந்துபோனது. கையால் தாடையைத் தாங்கிக்கொண்டு மெல்லக் கற்றுக்கொண்டேன். சாயங்காலம் பேசினால் மூக்கால் பேசுகிற மாதிரி வரும். சிரித்தால் உறுமுகிற மாதிரி இருக்கிறது என்று வேனில் ஒரு பெண்பிள்ளை சொன்னது. இரண்டு மணி நேரம் படுத்து எழுந்தால் எல்லாம் சரியாகிவிடும். இதைவிட மோசமான அடையாளம் ஒரு பழைய குடிகாரனுக்கு வேண்டியதில்லை. கண் சொருகி, பேச்சு குழறி, படுத்து எழுந்தால் தெளிந்துவிடுகிற ஆளை எங்கள் பக்கத்தில் என்னவென்று சொல்வார்கள்?

பெற்றோர் இரண்டு பேர் பள்ளிக்கூடத்தில் புகார் கொடுத்தார்கள். தாளாளர் கூப்பிட்டு வாயை ஊதச் சொன்னார். ஊதினேன். வாசனை இல்லை. அதற்கும் அவரிடம் பதில் இருந்தது. இப்போதெல்லாம் வாசனையே இல்லாத சரக்கும், போதை மாத்திரையும் வருகிறதாம். நல்ல மனிதர்தான், கையைப் பிடித்துக்கொண்டுதான் சாவியை வாங்கினார்.

வீட்டுக்கு வந்தேன். என் மனைவி மலர்க்கொடிக்கு அந்தக் காலத்தில் ஒரு பழக்கம் இருந்தது. நான் வாசலில் செருப்பைக் கழற்றும்போது எதிரே வந்து தோளில் கிடக்கும் துண்டை எடுப்பாள். துண்டை எடுக்கிற சாக்கில் முகத்துக்குக் கிட்டே வந்து மோப்பம் பிடிப்பாள். வாசனை இருந்தால் அன்றைக்குச் சோறு திண்ணையோடு சரி, பேச்சும் கிடையாது. நான் நிறுத்தியபின் ஒரு வருடம் மோப்பம் பிடித்தாள். பிறகு அந்தப் பழக்கம் தானாகப் போய்விட்டது. வேன் சாவியைக் கொடுத்துவிட்டு வந்த அன்று மறுபடியும் துண்டை எடுக்க வந்தாள்.

நான் குடிக்கவில்லை என்று பெண்ணின் பேரில் ஆணையாகச் சொன்னேன். முழுதாகச் சொல்லி முடிப்பதற்குள் நாக்கு குழறிவிட்டது. அவள் உள்ளே போய்விட்டாள்.

பெரிய கிளினிக் ஒன்றுக்குக் கூட்டிக்கொண்டு போனாள். காலையில் டோக்கன் போட்டு, பெஞ்சில் மூன்று மணி நேரம் உட்கார்ந்து ஓய்வெடுத்துவிட்டு உள்ளே போனால் எனக்கு என்ன நோய் தெரியும்? டாக்டர் குடிப்பழக்கம் உண்டா என்று கேட்டார். நான் வாயைத் திறப்பதற்குள் மலர்க்கொடி மெதுவாக, "முன்ன குடிச்சாருங்க" என்றாள். அந்த 'முன்ன' சீட்டில் ஏறவில்லை. குடிப்பழக்கம் என்று மட்டும் எழுதி, ஈரலுக்கு ஒரு டெஸ்டும் நரம்புத் தளர்ச்சிக்குச் சத்து மாத்திரையும் எழுதினார். அதற்குப் பிறகு எந்த டாக்டரிடம் போனாலும் மலர்க்கொடி அந்தச் சீட்டைத்தான் முதலில் நீட்டுவாள். என் வாயைவிட அந்தச் சீட்டுக்கு மரியாதை அதிகம்.

மலர்க்கொடியின் அண்ணன் தங்கராசு, எனக்கு மச்சான், ஆண்டிமடத்தில் முந்திரித்தோப்பு வைத்திருப்பவர். குடும்பத்துக்கு ஒன்று என்றால் வந்து நிற்கிற ஆள். அவர் வந்து நின்றார். அவர்கள் பக்கம் ஒரு கோயில் இருக்கிறது. குடிக்கிறவர்களைக் கூட்டிக்கொண்டு போய், குளத்தில் முழுக வைத்து, சாமி முன்னால் சத்தியம் வாங்கிக் கையில் கயிறு கட்டுவார்கள். கயிறு கட்டியபின் குடித்தால் சாமி கேட்டுவிடும் என்ற பயத்தில் நிறையப் பேர் நிறுத்தியிருக்கிறார்கள். நான் இகழ்ந்து சொல்லவில்லை. குடிக்கிறவனுக்கு நல்ல மருந்துதான் அது.

நான் வரமாட்டேன் என்று இரண்டு நாள் சண்டை போட்டேன். கடைசியில் மலர்க்கொடி, குடிக்கவில்லை என்றால் கட்டிக்கொள்வதில் என்ன நஷ்டம் என்று கேட்டாள். நியாயமாகப் பட்டது. என்ன நஷ்டம் என்று எனக்கு அப்போது சொல்லத் தெரியவில்லை. கயிறில்லாமல் நிறுத்தியவன் நான். அந்தக் கயிறு கையில் ஏறினால், இத்தனை வருடமும் பொய் என்று நானே ஒப்புக்கொண்டதாக ஆகிவிடும்.

வெள்ளிக்கிழமை. மார்கழிக் குளிர். வரிசையில் என்னோடு பதினைந்து பேர், எல்லாரும் ஈர வேட்டியோடு நடுங்கிக்கொண்டு நின்றோம். பக்கத்தில் நின்றவர் ரொம்பப் பிரியமாக, எத்தனை வருசப் பழக்கம் என்று கேட்டார். என் முறை வந்ததும் பூசாரி எத்தனை மாதத்துக்குக் கட்ட வேண்டும் என்றார். ஆறு மாதம், ஒரு வருடம் என்று அவரவர் சௌகரியத்துக்குத் தவணை உண்டு. மச்சான் யோசிக்கவே இல்லை.

"ஆயுசுக்கும் கட்டுங்க சாமி."

கட்டினார். பிறகு தீர்த்தம் கொடுத்தார். நேரம் மத்தியானம் தாண்டிவிட்டது, நின்று நின்று உடம்பு ஓய்ந்திருந்தது. தீர்த்தத்தை வாயில் விட்டேன், விழுங்கினேன், அது தொண்டைக்குள் போகாமல் மூக்கு வழியாக வெளியே வந்தது. கூட்டம் விலகியது. உள்ளே இருக்கிற சரக்கு தீர்த்தத்தை ஏற்கவில்லை என்று ஒருவர் சொன்னார். பூசாரி இன்னொரு கை தீர்த்தம் கொடுத்தார். அதுவும் மூக்கால் வந்தது. மலர்க்கொடி இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டாள். நான் செத்துப்போயிருந்தால்கூட அவள் அவ்வளவு அவமானப்பட்டிருக்க மாட்டாள்.

குளத்துக் குளிர் மூன்றாம் நாள் சளிக் காய்ச்சலாக வந்தது. நான்காம் நாள் சளியைத் துப்ப முடியவில்லை. கழுத்து முன்னால் தொங்கியது, கையால் நெற்றியைத் தூக்கிப் பிடித்தால்தான் எதிரே நிற்பவர் தெரிவார். படுத்தால் மூச்சு முட்டியது. மச்சானுக்குத் தெரிந்தவர் ஒருவர் பெரம்பலூரில் ஒரு பெரிய ஆஸ்பத்திரியின் லேப்பில் வேலை செய்தார். மச்சான் காரை எடுத்துக்கொண்டு வந்து, என்னைத் தோளில் தூக்கிப்போட்டுக்கொண்டு கிளம்பினார். போய்ச் சேரும்போது சாயங்காலம் ஆறு மணி. ஏழு மாதத்தில் முதல்முறையாக ஒரு டாக்டர் என்னைச் சாயங்காலத்தில் பார்த்தார்.

சின்ன வயசு டாக்டரம்மா, தஞ்சாவூர்ப் பக்கத்துப் பேச்சு. மலர்க்கொடி சீட்டை நீட்டினாள். மச்சான், சரக்கை நிறுத்தி நாலு நாள் ஆகிறது, அதுதான் உடம்பு தாங்கவில்லை என்று விளக்கம் சொன்னார். டாக்டரம்மா சீட்டை வாங்கி மடித்து மேஜையில் வைத்தார். என் முகத்துக்கு மேலே ஒரு விரலைத் தூக்கிக் காட்டி, கண்ணை எடுக்காமல் அதையே பார்க்கச் சொன்னார். பார்த்தேன். இமை இரண்டும் கொஞ்சம் கொஞ்சமாக இறங்கி விரலை மறைத்துவிட்டது. பிறகு ஒரே மூச்சில் எத்தனை வரை எண்ண முடிகிறது என்று எண்ணச் சொன்னார். பதினொன்றில் நின்றேன். நர்ஸ் ஒரு ரப்பர் கையுறையில் ஐஸைப் போட்டு முடிச்சுப்போட்டுக் கொண்டுவந்து என் இடது கண்மேல் வைத்து இரண்டு நிமிடம் அழுத்திப் பிடித்தாள். எடுத்ததும் அந்த இமை மேலே ஏறியிருந்தது. வலது இமை தொங்கியபடியே கிடந்தது. ஒரு கண்ணில் நல்லவன், ஒரு கண்ணில் குடிகாரன்.

டாக்டரம்மா மலர்க்கொடியைக் கூப்பிட்டுக் கிட்டே வந்து பார்க்கச் சொன்னார்.

"இவரு குடிக்கலம்மா. குடிச்சவரு இமை ஐஸ் வச்சா தூக்காது."

மலர்க்கொடி என் முகத்தைப் பார்க்கவில்லை. என் கையில் இருந்த கயிற்றைப் பார்த்தாள். அதற்குள் நர்ஸ் ஊசி ஏற்ற அந்தக் கையைப் பிடித்துக் கத்தரிக்கோலை எடுத்தாள். மச்சான் பதறிப்போய், "அத அறுக்காதீங்கம்மா, ஆயுசுக்கும் கட்டுனது" என்றார். நர்ஸ் அறுத்துக் குப்பைக்கூடையில் போட்டாள். என் ஆயுசில் நான் கேட்ட நல்ல சத்தங்களில் அந்தக் கத்தரிக்கோல் சத்தமும் ஒன்று.

அன்று வாயில் குழாய் விட்டு மூச்சு மெஷினில் போட்டார்கள். ஒன்பது நாள் அந்த மெஷின்தான் எனக்கு மூச்சு விட்டது. தீவிர சிகிச்சைப் பிரிவில் விளக்கை அணைப்பதே இல்லை, அதனால் இரவு என்று தனியாக ஒன்று கிடையாது. சளியை உறிஞ்சக் குழாய்க்குள் குழாய் விடும்போது உயிர் போய் வரும். கத்த முடியாது, கையைத் தூக்க முடியாது, ஆனால் அறிவு முழுசாக இருக்கும். பக்கத்துக் கட்டில் ஆளுக்குத் துணி போர்த்தச் சொல்லி வெளியே தள்ளிக்கொண்டு போனதை இமையைத் திறக்க முடியாமல் காதால் கேட்டுக்கொண்டு கிடந்தேன். அடுத்தது நான்தான் என்று நினைத்தேன். சாவதுகூடப் பெரிதாகத் தெரியவில்லை. குடித்துச் செத்தான் என்பார்களே, அதுதான் நெஞ்சை அடைத்தது.

மூன்றாம் நாள் ஒரு அட்டையும் பேனாவும் கொடுத்தார்கள். ஏதாவது வேண்டுமென்றால் எழுதிக் காட்டச் சொன்னார்கள். தண்ணீர் வேண்டும் என்று எழுதியிருக்கலாம், தொண்டை அப்படி எரிந்தது. நான் எழுதியது "நான் குடிக்கல" என்று. முதல் எழுத்து பெரிதாக வந்தது, கடைசி எழுத்து வெறும் கோடாக இழுத்துக்கொண்டு போய்விட்டது. மலர்க்கொடி அதைப் படித்துவிட்டு அழுதாள்.

"தெரியும்ங்க" என்றாள்.

எப்போதிலிருந்து தெரியும் என்று எழுத ஆசைப்பட்டேன். கையில் அதற்குமேல் சக்தி இல்லை.

குழாய் எடுத்தபின் ஒரு மத்தியானம் டாக்டரம்மா என் கட்டில் பக்கத்தில் நின்று நோயை விளக்கினார். எனக்குப் புரிந்தவரை சொல்கிறேன், என்னைப் போல வேறு யாராவது திட்டு வாங்கிக்கொண்டிருந்தால் உதவும். கையைத் தூக்கு என்று மூளை நினைத்தால் அந்தக் கட்டளை முதுகுத்தண்டு வழியாக நரம்பில் ஓடிவருகிறது. நரம்பு நேராகத் தசையைத் தொடுவதில்லையாம். இரண்டுக்கும் நடுவில் கண்ணுக்குத் தெரியாத ஒரு இடைவெளி உண்டு. நரம்பின் நுனியிலிருந்து ஒரு ரசாயனம் கசிந்து அந்த இடைவெளியைத் தாண்டி, தசையின் மேலே அதை வாங்குவதற்கென்று இருக்கிற இடங்களில் போய் ஒட்டும். ஒட்டினால்தான் தசை சுருங்கும். எனக்கு மூளையிலும் குறையில்லை, நரம்பிலும் குறையில்லை, தசையிலும் குறையில்லை. வாங்குகிற அந்த இடங்களை என் ரத்தத்தில் இருக்கிற எதிர்ப்புச் சக்தியே எதிரி என்று நினைத்து அடைத்து அழித்துவிட்டது. சொன்ன சொல் போய்ச் சேரவில்லை, அவ்வளவுதான் என்றார்.

எனக்குச் சிரிப்பு வந்தது. வீட்டிலும் அதேதான் நடந்தது டாக்டரம்மா என்று நினைத்துக்கொண்டேன்.

ஒரே தசையைத் திரும்பத் திரும்ப வேலை வாங்கினால் நரம்பு நுனியில் கசிகிற ரசாயனம் ஒவ்வொரு முறையும் கொஞ்சம் குறையும். எல்லாருக்கும் அப்படித்தானாம், மற்றவர்களுக்கு வாங்குகிற இடம் நிறைய இருப்பதால் தெரிவதில்லை. எனக்குக் கொஞ்சம்தான் மிச்சம், அதனால் சாயங்காலம் படுத்துவிடுகிறது. ஓய்வெடுத்தால் மறுபடி சேர்ந்துவிடும். இதை ஒரு டெஸ்டில் கண்ணாலேயே காட்டினார்கள். கையில் ஒயரை ஒட்டிச் சின்னச் சின்னதாக ஷாக் கொடுத்தார்கள். திரையில் முதல் கோடு உயரமாக எழுந்தது, அடுத்தது குட்டை, அதற்கடுத்தது இன்னும் குட்டை. படிக்கட்டு இறங்குகிற மாதிரி இருந்தது. அந்தக் கோடுகளுக்குக் காகிதத்தில் ஒரு நகல் வேண்டும் என்று கேட்டு வாங்கினேன்.

முழங்காலிலும் ஒரு ரப்பர் சுத்தியலால் தட்டினார். கால் தானாக உதைத்தது. இது மூளை வரைக்கும் போய்க் கேட்டுவிட்டு வருகிற வேலை இல்லை, முதுகுத்தண்டோடு திரும்பிவிடும், நீங்களே நினைத்தாலும் நிறுத்த முடியாது என்றார். அப்போது அதை நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

மருந்தாக ஐந்து நாள் ஒரு திரவத்தை ஏற்றினார்கள். நிறையப் பேர் கொடுத்த ரத்தத்திலிருந்து பிரித்தெடுப்பதாம். முகம் தெரியாத யார் யாரோ என்னை நம்பி ரத்தம் கொடுத்திருக்கிறார்கள். காப்பீட்டு அட்டை பாதியைத்தான் தாங்கியது. மிச்சத்துக்கு மச்சான் யாரிடமும் சொல்லாமல் தோப்பைக் குத்தகைக்கு விட்டார். அது மட்டுமில்லை. வார்டுக்கு வந்தபின் என்னைக் கழிப்பறைக்குத் தூக்கிக்கொண்டு போனது அவர்தான், சவரம் செய்துவிட்டது அவர்தான், வாயோரம் எச்சில் வழிந்தால் தன் துண்டாலேயே துடைத்துவிடுவார். மலர்க்கொடி ரசத்தை வடிகட்டி ஸ்பூன் ஸ்பூனாகக் கொடுப்பாள், ஒவ்வொரு வாய்க்கும் நான் விழுங்கினேனா என்று தொண்டையைப் பார்ப்பாள். இவ்வளவும் செய்தார்கள். தப்பாக நினைத்துவிட்டோம் என்ற ஒரு வார்த்தை மட்டும் இரண்டு பேர் வாயிலிருந்தும் வரவில்லை. மச்சான் வெளியே என்ன சொல்கிறார் தெரியுமா? கயிறு கட்டியதால்தான் சாமி நோயைக் காட்டிக்கொடுத்தது என்கிறார். அவரை வைத்துக்கொண்டு நான் என்ன செய்ய?

வீட்டுக்கு வந்து ஐந்து மாதம் ஆகிறது. மூன்று வேளை, நான்கு வேளை மாத்திரை. ரசாயனத்தைக் கரையவிடாமல் பிடித்துவைக்கிற மாத்திரை ஒன்று, அதன் வேலை நான்கு மணி நேரம் நிற்கும். எதிர்ப்புச் சக்தியை அடக்குகிற ஸ்டீராய்டு ஒன்று. அதனால் முகம் பூசணிக்காயாக உப்பிவிட்டது. பஸ் ஸ்டாண்டில் பழைய ஆள் ஒருவர் பார்த்துவிட்டு, குடித்துக் குடித்து இப்படி ஊதிவிட்டாயே என்று உண்மையிலேயே வருத்தப்பட்டார். டெஸ்ட் நகலை மடித்துச் சட்டைப்பையில் வைத்திருந்தேன். எடுத்துக் காட்டினால் அவருக்குக் கோடுதான் தெரியும். எடுக்காமல் பஸ் ஏறிவிட்டேன்.

பள்ளிக்கூடத் தாளாளரிடம் மட்டும் ரிப்போர்ட்டைக் கொண்டுபோய்க் காட்டினேன். வேலை கேட்கப் போகவில்லை, பிள்ளைகளை ஏற்றி வண்டி ஓட்டக் கூடாது என்று டாக்டரம்மாவே சொல்லிவிட்டார். தாளாளர் வாயால் ஒரு வார்த்தை கேட்கத்தான் போனேன். பொறுமையாகப் படித்தார்.

"இத அப்பவே சொல்லிருக்கலாமே கலியபெருமாளு" என்றார்.

இப்போது ஒரு விதைக்கடையில் காலையில் மட்டும் நிற்கிறேன். மத்தியானத்துக்குமேல் படுத்துக்கொள்கிறேன். மலர்க்கொடி மாத்திரை நேரத்தைச் செல்போனில் அலாரம் வைத்திருக்கிறாள். அக்கம்பக்கத்துப் பெண்கள் கேட்டால் நரம்பு, இடைவெளி, தசை என்று கையை வைத்து என்னைவிட நன்றாக விளக்குகிறாள். என் புருஷன் இத்தனை வருடமாகத் தொடவே இல்லை என்றும் சேர்த்துச் சொல்கிறாள். கேட்டுக்கொண்டு படுத்திருப்பேன்.

போன வாரம் ஒரு நாள் கடையில் சரக்கு இறக்க நேரமாகிவிட்டது. மாத்திரையின் வேலை தீர்ந்த நேரத்தில், ஐந்து மணிக்கு வீடு வந்து சேர்ந்தேன். வாசலில் செருப்பைக் கழற்றினேன். இமை இறங்கியிருந்தது எனக்கே தெரிந்தது. நேரமாகிவிட்டது என்று சொல்ல வந்தேன், நாக்கு புரளவில்லை. மலர்க்கொடி உள்ளேயிருந்து ஒரு கையில் மாத்திரையும் ஒரு கையில் தண்ணீருமாக ஓடிவந்தாள். மாத்திரையை என் வாயில் போட்டாள், தண்ணீரைக் கொடுத்தாள். பிறகு தோளில் கிடந்த துண்டை எடுக்கக் கிட்டே வந்தாள்.

அவள் மூக்கு ஒரு நொடி விரிந்தது. அவள் வேண்டுமென்று செய்யவில்லை. மூளை வரைக்கும் போய்க் கேட்டுவிட்டு வந்த வேலை இல்லை அது. அந்தச் சுத்தியலால் அவளை எத்தனையோ வருடம் தட்டியவன் நான்தான்.

ஆனாலும் எனக்கு ஆத்திரம் வந்தது. ஒன்பது நாள் மெஷினில் கிடந்து வாங்கிவந்த மூச்சு. அதை இழுத்து, அவள் முகத்துக்கு நேரே முழுதாக ஊதிக் காட்டினேன்.

அவள் தலையைக் குனிந்துகொண்டாள். துண்டை மடித்துக் கொடியில் போட்டுவிட்டுச் சோறு போடப் போனாள்.